பீடியா, சிகரெட்டா, வாய்ப் புகையிலையா? கூடவே நிகோடின் சூயிங்கமும்

"சிகரெட்லதான் கெமிக்கல் எல்லாம் இருக்கு அண்ணாச்சி, பீடி வெறும் இலைதானே!" திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்த வாதம் காதில் விழும். பக்கத்தில் சிகரெட்டோடு நிற்பவர் தன்னுடையதில் பில்டர் இருக்கிறது என்பார். வீட்டில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சியைக் கேட்டால், "நான் என்ன ஊதவா செய்யுதேன்?" என்பாள். மற்ற இரண்டைவிடத் தன்னுடையது தேவலை என்பதில் மூவருக்கும் சந்தேகமே கிடையாது.

சரி, நிஜமாகவே ஒப்பிட்டுப் பார்ப்போம். இரண்டு கேள்விகள் போதும். நிகோடின் எவ்வளவு வேகமாக மூளைக்குப் போகிறது? அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் உடம்புக்குள் போகிறது? முதல் கேள்விதான் அடிமைத்தனத்தைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது நோயை. ஆளைப் பிடித்து வைப்பது நிகோடின். புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் முக்கியக் காரணம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தார், கார்பன் மோனாக்சைடு, நைட்ரோசமைன் என்ற புற்றுநோய் ரசாயனங்கள் வகையறாக்கள். நிகோடின் பரம சாது என்று சொல்லவில்லை. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. ஆனால் கூட்டாளிகளோடு ஒப்பிட்டால் அதன் குற்றம் சின்னது.

முதலில் பீடி, நம்ம ஊர்ச் சரக்கு. முக்கூடல், ஆலங்குளம், பொட்டல்புதூர், மேலப்பாளையம் என்று சீமை முழுக்கப் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு சுற்றுவது. நனைத்த இலையை அளவாக வெட்டி, ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, சுருட்டி, முனையை மடக்கி, நூலால் ஒரு கட்டு. பேசிக்கொண்டே செய்வார்கள், கை மட்டும் நிற்காது. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் தெந்து இலை. உள்ளே இருக்கும் தூளோ சிகரெட்டில் உள்ள புகையிலையில் ஏறத்தாழ கால்வாசிதான். அப்படியானால் கெடுதலும் கால்வாசிதானே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. சிகரெட் தாளைப் போல இந்த இலை காற்றை உள்ளே விடாது. கொஞ்சம் பேசிக்கொண்டு நின்றால் பீடி அணைந்துவிடும். அதனால் அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஒரு சிகரெட்டுக்கு 9 இழுப்பு என்றால் ஒரு பீடிக்கு 28 என்று ஒரு கணக்கு உண்டு. கடைசியில் நுரையீரலுக்குள் போகும் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு மூன்றுமே சிகரெட்டைவிடக் கூடத்தான் நிற்கின்றன. 'வெறும் இலை' என்ற வாதமும் நிற்காது. வேப்பிலையை எரித்தாலும் தார் வரும், கார்பன் மோனாக்சைடு வரும்.

கால்விரல் சமாச்சாரம் ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் புகையோடு முடிச்சுப் போடுவதில்லை. முப்பது, நாற்பது வயது ஆண்களுக்கு வரும் புர்கர் நோய். கை கால்களின் சின்ன ரத்தக் குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். 'வாயு' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிவார்கள். அப்புறம் விரல் நுனியில் ஆறாத புண், கறுப்பு, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை. இந்த நோய் ஏறக்குறைய புகையிலைக்காரர்களுக்கு மட்டுமே வருகிறது. அதை நிறுத்தும் ஒரே வழி புகையிலையை முழுசாக விடுவது. பாதியாகக் குறைத்தேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

சுற்றுகிற பெண்கள் வாயில் ஒரு பீடி வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தூள் மூக்கிலும் தோலிலும் ஏறுகிறது. புகைக்காத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரிலேயே நிகோடினின் எச்சத்தைக் கண்டிருக்கிறார்கள். ஆக, இந்த ஒப்பீட்டில் பீடிக்கு மட்டும் இரண்டு வகை நோயாளிகள்.

சிகரெட்டுக்கு வருவோம். பில்டர் ஒரு மனசாந்தி, அவ்வளவுதான். நிகோடின் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, இன்னும் ஆழமாக இழுக்க வைத்துவிடும். "நான் நாளுக்கு ஒன்றுதான்" என்பவர்களுக்கு ஒரு செய்தி: நாளுக்கு 20 பிடிப்பவருக்கு மாரடைப்பு அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழ பாதி நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இருபதில் ஒரு பங்கு என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பெட்டிக்கடையில் ஒற்றையாகக் கிடைப்பதுதான் பையன்களுக்கு வசதியாகிவிட்டது. இ-சிகரெட்டை இந்தியா 2019-இலேயே தடை செய்துவிட்டதால் அதை இந்தப் பந்தியில் உட்கார வைக்கவில்லை.

வாய்ப் புகையிலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுகிறவர்கள் 21.4 சதவீதம். புகை என்றால் 10, 20 விநாடியில் நிகோடின் மூளையைத் தொடும். கன்னத்தில் அதக்கினால் மெதுவாக ஏறும், ஆனால் வெகுநேரம் இறங்காது. ஆச்சி தடவும் சுண்ணாம்புக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அதன் காரத்தன்மையால்தான் நிகோடின் கன்னத்துத் தோல் வழியாகச் சுலபமாக உள்ளே நுழைகிறது. நுரையீரல் தப்பித்துவிடும் என்பது ஓரளவுக்கு நிஜம். வாய் மாட்டிக்கொள்ளும். அதோடு பாக்கு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாக்கு தனியாகவே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்திவிட்டது.

அறிகுறி சாப்பாட்டில்தான் முதலில் தெரியும். வழக்கமான குழம்பே வாயை எரிக்கும். வீட்டில் மிளகாய் கூடிவிட்டது என்று சண்டை நடக்கும். பிறகு வாய் இறுகத் தொடங்கும். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, கன்னத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2013-இலிருந்து குட்காவுக்குத் தடை. இருந்தும், உதட்டுக்குள் வைக்கும் குட்டிப் புகையிலைப் பொட்டலங்கள் ரகசியமாகப் பள்ளிப் பையன்கள் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாசனையும் வராது, புகையும் வராது, வாத்தியாருக்கும் தெரியாது.

இந்த மூன்றில் எதிலிருந்து எதற்கு மாறினாலும் லாபமில்லை என்பதே என் முடிவு. சம்பளம் கூடியதும் பீடியிலிருந்து சிகரெட்டுக்கு 'முன்னேறுவது' கௌரவத்துக்குத்தான் ஆகும். புகையை விட்டு ஹான்ஸ் மாதிரி வாய்ப் புகையிலை போடுகிறவர் நுரையீரலைக் காப்பாற்றி வாயைக் கொடுக்கிறார். இரண்டையும் பாதிப் பாதி வைத்துக்கொள்கிறவர்தான் மோசம், அவருக்கு இரண்டு கடையிலும் கணக்கு.

மாறுவதற்கு உருப்படியானது நான்காவதுதான். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை. நிகோடின் மட்டும் கிடைக்கும், தாரும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. ஏற்றமும் மெதுவானது என்பதால் புதிதாக அடிமையாக்கும் வலு குறைவு. மனஉறுதியை மட்டும் நம்பி விடுகிறவர்களில் ஆறு மாதம் தாண்டுவது 100-க்கு 3 முதல் 5 பேர்தான். இப்படி உதவியோடு விட்டால் வாய்ப்பு ஒன்றரை மடங்கு ஆகிறது. வாரனிக்ளின் மாத்திரை அதைவிட நன்றாகவே கேட்கும், ஆனால் மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

சூயிங்கம் சரிப்படவில்லை என்று தூக்கிப் போட்டவர்களில் பலர் அதைச் சாதாரண மிட்டாய் மாதிரி மென்றவர்கள். அப்படி மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, மிளகு கடித்த மாதிரி நாக்கு சுரீர் என்றதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். சுரீர் அடங்கினால் மறுபடி நாலு மெல்லு. அரை மணி நேரம் இப்படியே. அதற்கு முந்தைய 15 நிமிடம் டீயோ காபியோ கூடாது, வாய் புளித்திருந்தால் நிகோடின் ஏறாது. டீயும் தம்மும் ஒன்றாகப் பழகியவருக்கு இதுதான் கஷ்டமான இடம். வாய் ஏற்கெனவே இறுகியவருக்கு மெல்லுவதே சிரமம், அவருக்குப் பட்டைதான் சரி.

குறைகளும் உண்டு. தினசரிச் செலவு ஒரு கட்டு பீடியைவிடக் கூடுதல், கூலிக்காரருக்குக் கையைக் கடிக்கும். இதெல்லாம் புகைப்பவர்களிடம் நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. மெல்லுகிறவர்களுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, அவர்களுக்கு ஆலோசனையும் மாத்திரையும் பார்க்கலாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது.

விட்டபின் முதல் இரண்டு மூன்று நாள்தான் உயிரை வாங்கும். எரிச்சல், தூக்கமின்மை, சும்மா சும்மா கோபம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓராண்டில் இதயநோய் அபாயம் ஏறத்தாழ பாதியாகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு அது பத்தாண்டு எடுக்கும்.

எவ்வளவு வலுவான சூயிங்கம் என்பதற்கு ஒரு எளிய கேள்வி: காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்றவைக்கிறீர்களா? ஆமாம் என்றால் 4 மில்லிகிராம், அதற்கு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும் 2 மில்லிகிராம் போதும். கேட்டுக்கொள்ள 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். தேட வேண்டியதில்லை, புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள்.