எட்டு ஆண்டுகள் அணிந்த கம்பளி அங்கி: துணி கிழிகிறது, நூல் அறுவதில்லை

சென்ற வாரம் இந்த அங்கியின் வலப்பக்க அக்குளை நான்காம் முறையாகப் பிரித்துத் தைத்து முடித்த அன்றே, வரலாற்று மீள்நிகழ்த்துகையில் (பழங்கால உடையணிந்து அக்கால வாழ்வை நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கில்) புதிதாக இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அதே தையற்காரரிடம் அதே அங்கியை வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தார். ஊசி குத்திய விரலோடு பதில் எழுதினால் நியாயமாக இராது என்று இரண்டு நாள் பொறுத்தேன். கோபம் முழுவதும் தணியவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அளவும் எடையும் துணியின் கனமும் விற்பனைக் குறிப்பிலேயே உள்ளன. கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டில் 1921ஆம் ஆண்டு டென்மார்க் தொல்லியலாளர் பௌல் நோர்லுண்ட் அகழ்ந்தெடுத்த, இன்று கோபன்ஹேகனில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் இடைக்கால அங்கிகளின் வெட்டை ஒட்டி இது அமைந்தது என்பது மட்டும் இங்கே போதும்.

அந்த வெட்டு அபாரமானது. இன்றைய சட்டைகளில் கைக்குழி, அதாவது கைத்துணி உடற்துணியோடு சேரும் வாய், தாராளமாக இறங்கியிருக்கும். இதிலோ அது அக்குளை ஒட்டி உயரமாகவும் இறுக்கமாகவும் வெட்டப்பட்டு, கையின் பின்புறத்தில் ஒரு முக்கோணத் துண்டு செருகப்பட்டிருக்கிறது. முதன்முறை அணிந்தபோது, இதை மாட்டிக்கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது என்றே நினைத்தேன். விறகு பிளக்கக் கோடரியை ஓங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது: கைக்குழி தாழ்வாக இருந்தால் கையோடு அங்கி முழுவதும் மேலே இழுபடும், உயரமாக இருந்தால் கை மட்டும் ஏறும். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாலும் கீழ் விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. குந்தி உட்காரும்போது இடுப்புக்குக் கீழே வைத்த முக்கோணத் துண்டுகள் விரிந்து கொடுக்கின்றன. உள்ளே அணியும் லினன் சட்டை வியர்வையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வதால், எட்டு ஆண்டுகளில் அங்கியை ஒருமுறை கூடத் தண்ணீரில் முக்கவில்லை. காற்றாட விரித்து, தூரிகையால் புழுதி தட்டி வைத்ததோடு சரி.

இவ்வளவு நன்றாக வெட்டிய ஒருவர் அதை எந்திரத்தில் பாலியெஸ்டர் நூலால் இணைத்திருக்கிறார் என்பதுதான் என் மனக்குறை. விற்பனைக் குறிப்பில் “வெளியே தெரியும் தையல்கள் கையால் செய்யப்பட்டவை” என்று நேர்மையாகவே எழுதியிருந்தது. கழுத்து விளிம்பும் கையின் முனையும் காஜாக்களும் கைவேலைதான், அதுவும் அழகான கைவேலை. தெரியாத தையல்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நானும் கேட்கவில்லை. என் பங்குத் தவறு அது.

மூன்றாம் ஆண்டில் வலப்பக்க அக்குளில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறப்பு தெரிந்தது. தையல் பிரிந்திருக்கும் என்று எண்ணி உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், தையல் ஒரு கண்ணியும் விடாமல் நேர்கோடாக நின்றது. அதற்கு ஒரு நூலளவு தள்ளி, கம்பளி இழைகள்தாம் அறுந்து பிசிறாகத் தொங்கின. நூலின் கடைமுனையில் சிறிது கத்தரித்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினேன். கம்பளி நூலாக இருந்திருந்தால் முடி கருகிய நாற்றத்தோடு பொரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகியிருக்கும். லினன் நூலாக இருந்திருந்தால் காகிதம் போல எரிந்து சாம்பலாகியிருக்கும். இதுவோ சுருண்டு, உருகி, கடினமான கறுப்பு மணியாக முனையில் திரண்டது. 1941இல் காப்புரிமை பெற்ற ஓர் இழை, பதினான்காம் நூற்றாண்டு அங்கிக்குள் கமுக்கமாகக் குடியிருந்திருக்கிறது.

வரலாற்றுத் துல்லியம் இங்கே இரண்டாம்பட்சம். உள்தையலை யாரும் வந்து புரட்டிப் பார்க்கப் போவதில்லை; தையல் எந்திரத்தை ஒளித்துப் பயன்படுத்துவோர் நம்மில் பாதிப்பேர் இருப்பார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இழுவை எங்கே போய் முடிகிறது என்பதே என் கேள்வி. துணியைவிட வலுக்குறைந்த நூலால் தைத்தால், வலித்து இழுக்கும்போது நூல் அறும். பத்து நிமிடத்தில் மீண்டும் தைத்துவிடலாம். துணியைவிட வலிமையான நூலால் தைத்தால் அது ஒரு மெல்லிய அரம் போல அசைவுக்கு அசைவு துணியைத் தேய்த்து அறுக்கும். அறுந்த துணியைத் தைக்க முடியாது, ஒட்டுதான் போட வேண்டும்.

தையற்காரருக்குப் படங்களோடு எழுதினேன். “நூல் அறவில்லை அல்லவா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதைத் தம் தரத்துக்கு நற்சான்றாகவே அவர் எடுத்துக்கொண்டார் போலும்.

பழையவர்கள் எந்த நூலால் தைத்தார்கள் என்பதற்கு விடை எப்போதும் எளிதில் கிடைப்பதில்லை. அமிலத்தன்மை மிக்க சதுப்பு நிலங்களில் கம்பளி தாக்குப்பிடிக்கும், லினன் கரைந்துவிடும். ஆகவே லினன் நூலால் தைத்த கம்பளித் துணி அங்கே கிடைத்தால், நூல் ஓடிய வழியில் துளைகளின் வரிசை மட்டுமே எஞ்சும். கிரீன்லாந்தின் உறைநிலத்தில் கிடந்த அங்கிகளிலோ கம்பளி நூலால் போட்ட தையலே நிலைத்திருக்கிறது. துணியும் நூலும் ஒரே ஆட்டின் முதுகிலிருந்து வந்தால் ஒன்றையொன்று அறுக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

முதல் மூன்று முறையும் சோம்பல்பட்டு, கிழிந்த இடத்தை மட்டும் மடித்து எந்திரத் தையலின் மேலேயே தைத்தேன்; ஒவ்வொரு முறையும் கிழிசல் இன்னும் சற்று உள்ளே தள்ளிப் பிறந்தது. இம்முறை கைக்குழி முழுவதையும் பிரித்தேன். கண்ணிக்குக் கண்ணி நூலை வெட்டி எடுத்து, அங்கியின் உள்மடிப்பில் கத்தரித்த கம்பளித் துண்டை அக்குளில் உள்ளொட்டாக வைத்து, தேன்மெழுகு தேய்த்த லினன் நூலால் பின்தையல் போட்டேன். கம்பளி நூலே உத்தமம்தான், ஆனால் கையில் இருந்தது அறுந்துகொண்டே வந்தது. எந்திர ஊசி குத்திய துளைகள், ஈரத்துணியை மேலே விரித்துச் சூடு காட்டியதும் பெரும்பாலும் மூடிக்கொண்டன. நெய்த பின் ஈரத்தில் நன்றாக மிதித்துத் திரட்டிய கம்பளிக்கு அந்தக் குணம் உண்டு. துணியைத் தேர்ந்தவருக்குக் கண் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

பிரித்தபோது அந்துப்பூச்சிப் புழு அரித்த தடம் ஒன்றும் அகப்பட்டது. லினன் சட்டையையும் மீறி வியர்வை படிந்த அக்குள் மடிப்பே அதற்கு விருந்து. அங்கியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, -18 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்த பிறகும் அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கவில்லை, திறந்தால் குளிர்ந்த துணியின் மேல் ஈரம் படிந்துவிடும். இதற்குத் தையற்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பல மாதங்கள் கொக்கியில் தொங்கவிட்டுத் தோளை நெகிழச் செய்ததும் நான்தான். இப்போது மடிப்புகளுக்கிடையே அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்துப் படுக்கையாகக் கிடத்தியிருக்கிறேன்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மழை கொட்டிய முகாமொன்றில், மற்றவர்கள் நடுங்கிக்கொண்டிருக்க நான் மட்டும் கதகதப்பாக உட்கார்ந்திருந்த இரவில் கேட்டிருந்தால், உடனே வாங்குங்கள் என்றிருப்பேன். என்னுடையதை விலைக்குத் தருவீர்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தரமாட்டேன். இடப்பக்க அக்குள் இன்னும் பழைய நூலில்தான் இருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும்.