ஐந்து நியூட்டன் மீட்டரில் கேட்காத 'டக்'

போன ஞாயிறு காலை சவாரியில், கோவளம் தாண்டி டீக்கு நின்ற இடத்தில் எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, கார்பன் ஹேண்டில்பார் வாங்கிட்டேன். நீங்க வச்சிருக்கிற டார்க் ரென்ச்சையே நானும் வாங்கிடட்டுமா? இப்போ விலை குறைஞ்சிருக்கு." வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. போல்ட்டைத் தேவையான அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் கருவி அது, நான்கு வருடம் என்னிடம் உழைத்தது. ஒரே வார்த்தையில் ஒதுக்கியது நியாயமில்லை என்று வீட்டுக்கு வந்ததும் உறுத்தியது.

என்னுடையது கால் இன்ச் சதுர முனை (டிரைவ்) கொண்டது, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் (முடுக்கத்தை அளக்கும் அலகு) வரை அளவு வைக்கும் கிளிக் வகை: வைத்த அளவு வந்ததும் 'டக்' என்று தட்டும். கம்பெனி பெயர் வேண்டாம். இதே அளவில் வருகிற பல ரென்ச்களிலும் நான் சொல்லப்போகும் குறை இருக்கலாம்.

வாங்கி ஒரு வருடம் கழித்து நடந்தது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பிவிட்டு, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் முன்தகட்டில் இருக்கும் நான்கு போல்ட்டுகளையும் முடுக்கிக்கொண்டிருந்தேன். 5 நியூட்டன் மீட்டர் என்று ஸ்டெம்மிலேயே அச்சடித்திருந்தது. ரென்ச்சிலும் 5 வைத்தேன். குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மூன்று போல்ட்டுகளில் விரலுக்குள் லேசாக ஒரு அசைவு தெரிந்தது. நான்காவதில் தெரியவில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன், அப்புறம் இன்னும் கொஞ்சம். இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இளகி, சும்மா சுற்ற ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் அதன் மரையிடுக்கில் அலுமினியம் வெள்ளி ஜரிகைபோலச் சுருண்டு ஒட்டியிருந்தது. ஸ்டெம்மின் மரை உரிந்து வந்துவிட்டது.

லேத் பட்டறையில் காட்டினேன். ஹெலிகாயில், அதாவது உரிந்த இடத்தில் செருகும் கம்பிச்சுருள் மரை, போட்டுத் தருகிறேன் என்றார் அங்கிருந்த பெரியவர். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் மரையில் அந்த யோசனையே எனக்கு வேண்டாமென்று பட்டது. புது ஸ்டெம் வாங்கினேன்.

ரென்ச்தான் பொய் அளவு காட்டுகிறது என்று கோபத்தில் முடிவே செய்துவிட்டேன். பிறகு சோதித்துப் பார்த்தேன். ரென்ச்சின் சதுர முனையை வைஸில் கடித்து, தண்டைக் கிடைமட்டமாக வைத்து, கைப்பிடியின் நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டேன். முனையிலிருந்து அந்த இடம் சரியாக 20 சென்டிமீட்டர். அளவு 10 நியூட்டன் மீட்டர். அதற்கு 5.1 கிலோ தொங்க வேண்டும், ஆனால் ரென்ச்சின் சொந்த எடையும் கீழே இழுக்கும். என் கணக்கில் அது 200 கிராமுக்குச் சமம். ஆக வாளி 4.9 கிலோ ஆகும்போது ரென்ச் 'டக்'கென்று விட வேண்டும். தண்ணீரைச் சொம்பால் மெதுவாக ஊற்றினேன். முதல் தடவை 4.8, அடுத்து 4.9, மூன்றாவது 5.0 கிலோ. வீட்டுச் சோதனைக்கு இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? டார்க் ரென்ச்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 6789-ஏ 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும் இந்த வகை ரென்ச்களுக்கு 4 சதவீதம் முன்பின் அனுமதிக்கிறது. என் ரென்ச் அதற்குள் வசதியாக நின்றது.

அப்புறம் 5 வைத்துப் பார்த்தேன். அங்கேயும் சரியான எடையில்தான் விட்டது. ஆனால் வாளி ஒரு நெல்லளவு இறங்கியது, அவ்வளவுதான். சத்தம் என்று சொல்ல எதுவும் இல்லை. வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தெரிந்தது.

காரணம் உள்ளே இருக்கும் ஸ்பிரிங். பிடியைத் திருகி அளவைக் கூட்டும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. அமுங்கிய ஸ்பிரிங்கின் விசையை மீறி உள்துண்டு நழுவும்போதுதான் 'டக்' என்கிறது. அளவுக்கோட்டின் அடிமட்டத்தில் ஸ்பிரிங் பாதி தூக்கத்தில் இருக்கும், அது தரும் தட்டல் பலமாக இருக்காது. சைக்கிளிலோ, தவறினால் உயிருக்கு உலை வைக்கும் போல்ட்டுகள் பலவும் 4, 5, 6 நியூட்டன் மீட்டரில்தான் இருக்கின்றன: ஸ்டெம், சீட் போஸ்ட் கிளாம்ப், கார்பன் என்றால் இன்னும் கவனம். எந்த இடத்தில் இந்தக் கருவி எனக்குத் தேவையோ அந்த இடத்திலேயே இது ஊமையாகிவிடுகிறது. பெட்டியில் சைக்கிள் படம் போட்டு விற்பவர்கள் இதைச் சொல்ல வேண்டாமா? மூன்று வருடமாகியும் இதில் எனக்குக் கோபம் தணியவில்லை.

இன்னொரு பக்கம், கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை. ஷிமானோ ஹாலோடெக் II கிராங்கின் இடதுபக்கக் கையில் இரண்டு போல்ட்டுகள், 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். ஒன்றை முடுக்கினால் மற்றது தளரும், மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். அங்கே இந்த ரென்ச் கணீரென்று பேசுகிறது. மணிக்கட்டு வரை வந்து இறங்கும் அந்தத் தட்டு. மூன்றாவது சுற்றில் இரண்டு போல்ட்டுகளும் அசையாமல் நின்று 'டக்', 'டக்' என்றால், அன்றைக்கு வேறு எந்த வேலையும் அவ்வளவு திருப்தி தராது. கிராங்கைப் பலமுறை கழற்றி மாட்டிவிட்டேன், ஒரு முறைகூடத் தளர்ந்ததில்லை. சென்னை உப்புக்காற்றிலும் ரென்ச்சில் துரு ஏறவில்லை. வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பேன்.

தம்பிக்கு என் பதில் இதுதான். கார்பன் ஹேண்டில்பாருக்கு 4 முதல் 6 வரை மட்டும் வைக்கக்கூடிய சின்னக் கருவி வாங்கு. பார்க் டூலின் ஏடிடி-1.2 அந்த வகை. 4 முதல் 6 வரை அரையரையாக ஐந்து அளவு, தேவையான பிட்டுகள் கைப்பிடிக்குள்ளேயே. அளவு வந்ததும் நழுவிவிடும், மேலே முடுக்க விடாது. மிக்ஸி ஓடினாலும் கவலையில்லை. விலை அதிகம் என்று தோன்றினால் முள் காட்டும் பீம் வகை போதும். கண்ணை முள்ளுக்கு நேராக வைத்துப் பார், சாய்த்துப் பார்த்தால் தப்பாகத் தெரியும். கிளிக் வகைதான் வேண்டுமென்றால் 2-இல் தொடங்குவதாகப் பார்த்து வாங்கு, அப்போது 5 அடிமட்டமாக இருக்காது. எதுவாக இருந்தாலும் கார்பன் பேஸ்ட் ஒரு டப்பா சேர்த்து வாங்கு. அது போட்டால் ஹேண்டில்பார் குறைந்த முடுக்கத்திலேயே நழுவாமல் நிற்கும்.

விலை எவ்வளவு குறைந்தாலும் என்னுடையதை வாங்காதே. கிராங்க் கழற்றும் அன்று வீட்டுக்கு வா, என்னுடையதைத் தருகிறேன்.