மேல்மலை ஏரிக்கரை டென்ட் என்று நம்பி 18,600 ரூபாய் போனது. பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

பொங்கல் விடுமுறைக்குக் கொடைக்கானல் மேல்மலைக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் மதுரை திரும்பினோம். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். குடியரசு தின விடுமுறைக்கு அதே ஆட்கள் முன்பதிவு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

போனது 18,600 ரூபாய். ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

கூட்டமில்லாத இடமாக, ஏரிக்கரையில் டென்ட் போட்டுத் தங்க வேண்டும், காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சோலைக்காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. கொடைக்கானல் நகரத்து ஏரியைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. பேரிஜம் ஏரியில் ராத்தங்க விடமாட்டார்கள், அங்கே பகலில் போகவே வனத்துறை அனுமதி வேண்டும் என்று தெரியும். அதனால் பூம்பாறை தாண்டி மன்னவனூர், கூக்கால் பக்கம் தேடினோம். ஒரு வீடியோப் பக்கம் கண்ணில் பட்டது. பச்சைப் புல்வெளி, நடுவில் ஏரி, கரையோரம் வரிசையாக டென்ட், பின்னால் காடு. பேரைச் சொல்லப் போவதில்லை. மேல்மலை டென்ட் என்று தேடினால் வரிசையாக வரும் பக்கங்களில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள், புகழ்ந்து தள்ளும் கருத்துகள்.

எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பையனின் குரல் அவ்வளவு பணிவு. "எத்தனை பேர்க்கா? பெரியவங்க இருக்காங்களா? குழந்தைங்க இருந்தா பால் காலைல அஞ்சரைக்கே வந்துரும்க்கா." அம்மாவுக்கு மூட்டு வலி, தரையில் படுக்க முடியாது என்றேன். "கட்டில் போட்ட டென்ட் ஒண்ணு இருக்கு, அம்மாவுக்குன்னே ஒதுக்கிர்றேன். வெந்நீர்ப் பை தர்றேன், ஒத்தடம் கொடுத்துக்கலாம்" என்றான். இதெல்லாம் நான் கேட்காமலே அவனாகச் சொன்னது.

அப்புறம் அம்மா போனை வாங்கினார். "எந்த ஊருப்பா நீ?" என்று கேட்டார். பூம்பாறை என்றான். அம்மாவுக்கு முருகன் என்றால் உயிர். பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலைப் பற்றி விசாரித்தார். பழநி மூலவரைப் போலவே போகர் நவபாஷாணத்தில் செய்த சிலை என்று சொல்லப்படும் கோயில் அது. "எங்க வீடு கோயிலுக்குப் பின்னாடிதாம்மா. தேருக்கும் வாங்க, எங்க வீட்லயே தங்கிக்கலாம்" என்றான். போனை என்னிடம் கொடுக்கும்போது அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "வேலப்பர் கோயில்காரப் பையன், ஒழுங்காத்தான் இருப்பான்" என்றார். எனக்கு ஆத்திரமெல்லாம் இந்த இடத்தில்தான். பணத்தை ஏமாற்றுகிறவன் ஏமாற்றிவிட்டுப் போகட்டும். ஒரு வயதான மனுஷியின் பக்தியைப் பிடித்து ஏறி வந்தான் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டு இரவுக்குப் பெரியவர்களுக்குத் தலைக்கு 3,600, பிள்ளைகளுக்கு 1,500. நாங்கள் பெரியவர்கள் நாலு, பிள்ளைகள் இரண்டு. மொத்தம் 17,400. பாதி முன்பணம், 8,700 அனுப்பினோம். கிளம்புவதற்கு முதல் நாள் மீதியைக் கேட்டு அழைத்தான். கூடவே "இ-பாஸும் காட்டுப் பாதைக்கு வன அனுமதியும் நாங்களே எடுத்துர்றோம், அதுக்கு ஒரு 1,200" என்றான். இ-பாஸ் என்பது கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி. பணம் போக வேண்டிய பெயரில் ஒரு செல்போன் கடையின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "மாமா கடைக்கா, கேம்ப் கணக்கு இன்னும் பேங்க்ல ஓப்பன் ஆகல" என்று பதில் தயாராக வந்தது. 9,900 அனுப்பினோம். ஆக 18,600.

மாட்டுப் பொங்கலன்று வெள்ளி நீர்வீழ்ச்சி சுங்கச்சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். அவன் இ-பாஸ் எதுவும் அனுப்பவில்லை. அங்கேயே ஓரமாக நிறுத்தி என் தங்கை போனில் எடுத்தாள். சில நிமிடம்தான் ஆனது. கட்டணம் கிடையாது! 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வந்த நாளிலிருந்தே இ-பாஸ் இலவசம்தான். அழைத்துக் கேட்டால், "சர்வர் பிரச்சினைக்கா, பில்லுல கழிச்சுக்கலாம்" என்றான்.

மன்னவனூர் சாலையில் ஓரிடத்தில் காரை நிறுத்தச் சொன்னார்கள். இனிமேல் கார் போகாது, ஜீப்புக்கு 1,500 என்றார்கள். அம்மாவால் ஏற்றத்தில் நடக்க முடியாது என்பதால் கொடுத்தோம். இது 18,600-இல் சேராது.

ஜீப் போய் நின்ற இடத்தில் ஏரி இல்லை, காடும் இல்லை. உருளைக்கிழங்கு எடுத்து முடித்த படிக்கட்டு நிலம், அதில் நெருக்கி நெருக்கி டென்ட்கள். ஏரி எங்கே என்று கேட்டதும் அங்கிருந்த பையன் கையைக் காட்டினான். தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்க வெட்டி, கறுப்புத் தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை. வீடியோவில் வந்த ஏரி மன்னவனூர் ஏரி. வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம் அது, டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டும். அதைப் படம் பிடித்துப் போட்டு, ஒரு குட்டையோரத்தில் எங்களைப் படுக்க வைத்தார்கள்.

கட்டில் போட்ட டென்ட் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. விரலளவு தடிமனில் ஒரு நுரைப் பாய், அதன் மேல் நாற்றமடிக்கும் கம்பளி. அத்தனை டென்டுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. தை மாதத்தில் மேல்மலையில் திறந்த புல்வெளிகளில் உறைபனி விழும். ஒற்றைத் துணி டென்டில் ஆறு பேர் மூச்சும் ஈரமாகி உள்பக்கம் படிந்து, நடுராத்திரிக்கு மேல் சொட்டுச் சொட்டாகப் பிள்ளைகள் மேல் விழுந்தது. பக்கத்து டென்டில் குடி, ஒலிபெருக்கி. பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று இரண்டு முறை போய்ச் சொல்லியும் பாட்டு நிற்கவில்லை.

குளிருக்கு என்று அந்தப் பையன் ஒரு சட்டியில் கரி நெருப்பைக் கொண்டுவந்து டென்டுக்குள் வைக்கப் போனான். நான் சத்தம் போட்டு வெளியே எடுக்க வைத்தேன். அடைத்த இடத்தில் கரிக்கங்கு வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதுகூடச் சொல்லித்தராமல் பத்தொன்பது, இருபது வயசுப் பையனை அத்தனை பேருக்குப் பொறுப்பாக விட்டிருக்கிறார்கள். "எனக்கே சம்பளம் ரெண்டு மாசமா வரலக்கா" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

ராத்திரி காட்டுமாடுகள் வந்தன. வேலி இல்லை, விளக்கும் இல்லை. மூச்சு விடும் சத்தம் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. பக்கத்து டென்டுக்காரர்கள் டார்ச் அடித்துக் கூச்சல் போட்டார்கள். மிரண்ட காட்டுமாடு குத்தினால் என்ன ஆகும் என்று கொடைக்கானலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2021-இல் வயநாட்டில் மேப்பாடி பக்கம் டென்டில் தங்கியிருந்த ஒரு இளம்பெண்ணை யானை கொன்ற செய்திதான் விடிய விடிய என் மண்டைக்குள் ஓடியது. ஜீப் போய்விட்டது, கார் கீழே நிற்கிறது, சிக்னல் இல்லை. அம்மா கந்த சஷ்டி கவசத்தைச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். யாரும் தூங்கவில்லை.

விடிந்ததும் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினோம். நேராக மன்னவனூர் ஏரிக்குப் போய், நுழைவாயிலில் இருந்த வனப் பணியாளரிடம், போனில் பணம் வாங்கிய பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த வன அனுமதிச் சீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க சீட்டே இல்லம்மா" என்றார். மரம் படம் போட்ட ஏதோ ஒரு லெட்டர்பேடு. ஏரிக்கரையில் தனியார் யாருக்கும் டென்ட் போட இடமில்லை என்றார். சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், 2018-இல் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் இறந்த பிறகு அனுமதியில்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை, கேம்ப்காரர்கள் கூட்டிப்போனாலும் மாட்டப்போவது நீங்கள்தான் என்றும் சொன்னார். பொறுமையாகப் பேசிய நல்ல மனிதர். பிள்ளைகளுக்குச் செம்மறியாட்டுப் பண்ணையை வெளியிலிருந்தாவது காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றால், அம்மாவால் காரை விட்டு இறங்கவே முடியவில்லை. கொடைக்கானலில் ஓர் அறை எடுத்து அவரைப் படுக்க வைத்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை இது. முதல் அழைப்பில், "நான் இப்ப கோயம்புத்தூர்ல இருக்கேன்க்கா, விசாரிச்சுட்டு கூப்பிடுறேன்" என்றான். கூப்பிடவில்லை. மறுபடி அழைத்தால், "ராத்திரி சாப்பாடு சாப்பிட்டீங்கள்ல? அப்ப சேவை கொடுத்தாச்சு." இரண்டாம் இரவு நாங்கள் தங்கவே இல்லையே, அந்தப் பாதியையாவது கொடு என்றேன். "நீங்களா கிளம்பிட்டீங்க. பணம் கிடையாது, வேணும்னா கோடைல வந்து தங்கிக்கங்க." அம்மாவுக்குச் சொன்ன கட்டில் எங்கே என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்தான்.

அப்புறம் மேலாளர் என்று ஒருவர் வேறு எண்ணிலிருந்து பேசினார். குரலில் கொஞ்சமும் பதற்றம் இல்லை. "யார் கணக்குக்குப் போட்டீங்க? அந்தப் பையனை நாங்க வேலையை விட்டு எடுத்துட்டோம். எங்க கணக்குக்கு வராத பணத்துக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பு?" ஆனால் அந்தப் பையனின் எண்தான் அவர்கள் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறது. வீடியோவின் கீழே நடந்ததை எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது நீக்கப்பட்டது, என்னையும் முடக்கிவிட்டார்கள். புகழ்ச்சிக் கருத்துகள் மட்டும் ஏன் அங்கே இருக்கின்றன என்று இப்போது புரிகிறது. வங்கியில் கேட்டால், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம், எங்களால் எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள். 18,600 ரூபாய். என் தங்கையின் ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம்.

டென்ட் இடம் எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது தலைவலி, அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அவசரத்துக்குச் சிலது மட்டும் சொல்கிறேன்.

ஏரிக்கரை என்று சொன்னால் எந்த ஏரி, அந்த நிலம் யாருடையது என்று கேளுங்கள். மேல்மலை ஏரிகள் தனியார் வாடகைக்கு விடும் இடங்கள் அல்ல. சுற்றுலாத் துறையில் பதிவு செய்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். இ-பாஸுக்கு யாரும் காசு கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் நடக்க ஆசை என்றால் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு இணையதளத்தில் அனுமதித்த பாதைகளும் கட்டணமும் இருக்கின்றன, வழிகாட்டியோடு போகலாம். கேம்ப் பெயருக்கும் பணம் போகும் பெயருக்கும் சம்பந்தமில்லை என்றால் அனுப்பாதீர்கள். முழுப் பணத்தையும் இடத்தைப் பார்க்கும் முன் கொடுக்காதீர்கள். வயதானவர்கள் உடன் வந்தால் ராத்திரியே கிளம்ப முடிகிற மாதிரி கார் பக்கத்தில் நிற்கும் இடமாகப் பாருங்கள். டென்டுக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது.

இன்று காலை சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் பதிந்துவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கப் போகிறேன். ஜனவரி 26 விடுமுறைக்கு மன்னவனூர் பக்கம் டென்ட் என்று யாராவது முன்பணம் கட்டியிருந்தால், மீதியை அனுப்பாதீர்கள். பணம் போன பெயர் ஒரு செல்போன் கடையாக இருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. எனக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள், இன்னும் சிலர் சேர்ந்தால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஒன்றாகப் போகலாம்.