பச்சை நியான் என்ற பெயரில் வந்த மீன்கள்

இணையவழியில் அலங்கார மீன் விற்கும் ஒரு கடையிலிருந்து 15 பச்சை நியான் டெட்ராக்களை வரவழைத்தேன். பொதி கட்டிய விதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆக்சிஜன் நிரப்பிய இரட்டைப் பைகளைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார்கள், ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஆனால் வந்தவை பச்சை நியான் அல்ல.

அதை அன்றே சொல்லிவிட முடியவில்லை. இருட்டில் கிடந்த இம்மீன்களின் நிறம் மங்கி, நீலக்கோடு ஊதாவாகத் தெரியும் என்பதால், மறுநாள் விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். கண்ணருகே தொடங்கிய நீலக்கோடு, முதுகின் பின்பகுதியில் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்புக்கு அருகிலேயே முடிந்துவிட்டது. சிவப்போ நடுவயிற்றில் தொடங்கி வாலடி வரை அடர்த்தியாக ஓடியது. இது சாதாரண நியானின் அடையாளம். பச்சை நியானுக்குக் கோடு வாலடியைத் தொடும், சிவப்பு வெளிறியிருக்கும், உடலும் சிறியது. இவற்றைப் போலவே தோன்றும் இன்னொரு மீனான கார்டினல் டெட்ராவுக்குச் சிவப்பு உடலின் முழு நீளத்துக்கும் பரவியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், கடையின் இணையப் பக்கத்தில் பச்சை நியான் என்று போட்டிருந்த படம் கார்டினலுடையது!

மூன்றும் ஒரே பேரினம் என்பதால் குழப்பம் புதிதல்ல. நியானுக்கு 1936-இலும் கார்டினலுக்கு 1956-இலும் பெயரிட்டபின், 1963-இல் பச்சை நியானுக்குக் கிடைத்த 'சிமுலன்ஸ்' என்ற இனப்பெயருக்கே 'போலிருப்பது' என்றுதான் பொருள். எனினும் விற்பவருக்கு அது சாக்காகாது. தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ, ஓரினோகோ ஆற்றுப் பகுதிகளின் வெதுவெதுப்பான, அமிலத்தன்மையுள்ள நீரில் வாழும் பச்சை நியானுக்காக நான் தொட்டியை 28 டிகிரியில் வைத்திருந்தேன். மேல் அமேசான் பகுதியைச் சேர்ந்த நியானுக்கோ 22 முதல் 25 டிகிரி வரை போதும், நெடுநாள் அதிக வெப்பம் ஆகாது. அன்றே வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கத் தொடங்கினேன்.

படத்துடன் முறையிட்டதற்கு, "எல்லாம் நியான் வகைதானே" என்று பதில் வந்தது. பிறகு பாதித் தொகையைத் திருப்பித் தந்தார்கள். நியான் வேண்டுவோர் இவர்களிடம் தயங்காமல் வாங்கலாம். பச்சை நியான் வேண்டுவோர், கொழுப்புத் துடுப்பும் வாலடியும் தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.