மாமல்லபுரத்தில் மதிய உணவு: பேருந்து நிலையமா, ஒத்தவாடைத் தெருவா?

யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்த மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் வெயிலில் சுற்றிக் களைத்த குடும்பத்துக்குப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சைவ உணவகங்களையே முதலில் பரிந்துரைப்பேன். சோறு, சாம்பார், ரசம், மோர் என முழுச் சாப்பாடு அங்கே எளிய விலையில் கிடைக்கிறது. காரம் தாங்காத குழந்தைக்கு இட்லியோ தயிர்ச் சாதமோ வாங்கலாம். எத்தனை பேர் அமர்ந்தாலும் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஆனால் பிற்பகலில் சாப்பாடு தீர்ந்துவிடும் என்பதால், அருகிலுள்ள அர்ச்சுனன் தபசைப் பார்த்த கையோடு உண்டுவிடுவது நல்லது.

கடற்கரைக்கு அருகே உணவகங்கள் நிறைந்த ஒத்தவாடைத் தெரு வெளிநாட்டுப் பயணிகளை நம்பி வளர்ந்தது. மீனுக்கும் இறாலுக்கும் அங்கே பெரும்பாலும் எடைக்கேற்ப விலை வைப்பதால், சமைக்கச் சொல்லுமுன் மொத்தத் தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடலுணவை விரும்பும் பெரியவர்கள் மாலையில் நிதானமாக உண்பதற்கு அது ஏற்றது; பசித்த பிள்ளைகளுடன் வருவோருக்குக் காத்திருப்பும் செலவும் கூடுதல்.