முகப்பில் எரிந்த 66-ஐ நம்பி ஏமாந்த கதை

"முழுமையாகச் சீரமைக்கப்பட்டது, ப்ளக்கைச் செருகினால் போதும்" என்று எழுதி யாராவது பழைய 486 கம்ப்யூட்டர் விற்றால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்க இப்படி ஒன்று கிடைக்கவில்லை.

எனக்கு வேண்டியது 486 டிஎக்ஸ்2-66. 1992-இல் இன்டெல் கொண்டுவந்த சிப். அது உட்காரும் மதர்போர்டு 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும், சிப் அதைத் தனக்குள் இரட்டித்துக்கொள்ளும். நான் முதன்முதலில் தொட்ட கம்ப்யூட்டரில் இருந்தது அதுதான். ஸ்விட்சைத் தட்டியதும் டிக் டிக்கென்று மெமரி எண்ணிக்கை ஏறும், ஃபிளாப்பி டிரைவ் கர்ரென்று ஒருமுறை முனகும், அப்புறம் ஒற்றை பீப். இந்தச் சத்தங்களைக் கேட்கத்தான் இவ்வளவு பாடு என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

விளம்பரப் படங்கள் கண்ணைப் பறித்தன. மஞ்சள் பாய்ந்திருக்க வேண்டிய முகப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. வேகத்தை மாற்றும் டர்போ பொத்தானுக்குப் பக்கத்தில், மெகாஹெர்ட்ஸ் வேகம் என்று பச்சை எழுத்தில் 66. கூடவே ஒரு நிமிடத்துக்கும் குறைவான வீடியோ: விண்டோஸ் 3.1 திறக்கிறது, மவுஸ் நகர்கிறது, முடிந்தது. பேட்டரி எடுத்தாயிற்று, பவர் சப்ளையில் கெப்பாசிட்டர்கள் புதிது, ஹார்ட் டிஸ்க் அந்தக் காலத்து அசல் என்று குறிப்பு. நான் கேட்ட ஒரே கேள்வி, எப்போது அனுப்புவீர்கள் என்பதுதான்.

வந்து சேர்ந்தது. ஓடியது. முதல் நாள் இரவு இரண்டு மணி வரை அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். பழைய விளையாட்டுகள் கொஞ்சம் திணறின. அந்தக் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும், என் நினைவுதான் அதை வேகமாக்கி வைத்திருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது யோசித்தால் எரிச்சலே அதில்தான். பொருள்மேல் வந்திருக்க வேண்டிய சந்தேகத்தை என் ஞாபகத்தின்மேல் போட்டுவிட்டேன். ஹார்ட் டிஸ்க் சத்தமே இல்லையே என்று தோன்றியது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் கீபோர்டில் சில எழுத்துகள் விழவில்லை. ஆறாம் நாள் கீபோர்டே செத்தது. வேறு கீபோர்டு மாட்டினேன், அதுவும் வேலை செய்யவில்லை. அப்போதுதான் மூடியைக் கழற்றினேன். வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் கடிகாரத்தையும் அமைப்புகளையும் காக்க, பீப்பாய் மாதிரி ஒரு 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியை நேரடியாகப் பற்றவைத்திருப்பார்கள். பெரும்பாலும் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில். வருடங்கள் போகப்போக அது கசியும். கசிவது காரம், செப்புத் தடங்களைப் பச்சையாக அரித்துக்கொண்டு பரவும். அதனால்தான் இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் முதலில் போவது கீபோர்டு. விற்றவர் பேட்டரியை எடுத்தது உண்மைதான். ஆனால் எடுத்த இடத்தை வினிகரால் துடைத்துக் காரத்தை முறித்து, தடங்களைச் சரிபார்ப்பதற்குப் பதிலாக, மேலே பச்சைப் பெயின்ட் பூசியிருக்கிறார்! நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது. அடியில் பாசி பிடித்த மாதிரி பூத்துக் கிடந்தது. பூச்சுக்குள் அடைபட்ட அரிப்பு தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால்கூட எனக்குக் கண்ணில் பட்டிருக்கும்.

பவர் சப்ளையைத் திறந்தேன். (ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம்.) ஒரு கெப்பாசிட்டரும் மாற்றப்படவில்லை, தூசி கம்பளி மாதிரி கிடந்தது. ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெமரி கார்டு. கார்டு போடுவதில் தவறில்லை, நானே போட்டிருப்பேன். அசல் டிஸ்க் என்று ஏன் சொல்ல வேண்டும்?

கடைசியில் சிப். சூட்டை வெளியேற்ற அதன்மேல் வைக்கும் ஹீட் சிங்க் கெட்டியாக ஒட்டியிருந்தது, மெதுவாகத் திருகி எடுத்தேன். கீழே எழுதியிருந்தது 486 எஸ்எக்ஸ்-33. இரட்டிப்பு இல்லை, தசமக் கணக்குப் போடும் கோ-புராசசரும் கிடையாது. அப்படியானால் முகப்பில் 66? அந்த எண் எதையும் அளப்பதில்லை. எண் பலகைக்குப் பின்னால் உள்ள ஜம்பர்களை (பின்களை இணைக்கும் சின்ன மூடிகள்) எப்படி வைக்கிறோமோ அப்படி எரியும். 99 என்றுகூட வைக்கலாம். இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் அந்தப் பச்சை 66-ஐப் பார்த்ததும் அறிவு வேலை செய்யவில்லை.

இந்தப் பித்தலாட்டம் புதிதும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கேஷ் சிப் (வேகத்தைக் கூட்டும் சிறு மெமரி) என்று ஒட்டி, கேஷ் இருப்பதாக, கம்ப்யூட்டரைத் துவக்கும் மென்பொருளான பயாஸையும் பொய் சொல்ல வைத்த 486 போர்டுகள் சந்தைக்கு வந்தன. பழைய நினைவுக்காக வாங்கினேன். பழைய ஏமாற்றும் இலவசமாக வந்தது.

விற்றவருக்கு எழுதினேன். "பழைய பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது. நீங்கள் பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், இனி திருப்பி எடுக்க முடியாது" என்று பதில் வந்தது. திறக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. சில நாளில் அதே படங்களோடு அதே விளம்பரம் மறுபடி வந்தது.

ஆகவே, வாங்கும் முன் போர்டில் கீபோர்டு சாக்கெட் உள்ள மூலையை முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த இடம் மட்டும் பளபளவென்று வேறு பச்சையாக இருந்தால் விலகிவிடுங்கள். வீடியோ, ஸ்விட்சைத் தட்டுவதிலிருந்து வெட்டாமல் இருக்கட்டும்; துவக்கத்தில் பயாஸ் காட்டும் பட்டியலில் கீபோர்டின் பாஸ் (Pause) பட்டனை அழுத்தி நிறுத்தச் சொல்லுங்கள். எந்தச் சிப், கோ-புராசசர் உண்டா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு வந்த வீடியோ விண்டோஸில் தொடங்கியதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. எதையெல்லாம் மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். உண்மையாகவே ஒரு போர்டோடு மல்லுக்கட்டியவர் எந்தத் தடம் அறுந்திருந்தது, எதைக் கழற்றியபோது எது உடைந்தது என்று நீங்கள் போதும் என்னும்வரை பேசுவார். "எல்லாம் பார்த்தாயிற்று சார்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

என் பெட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிட்டு, அறுந்த ஐந்து தடங்களுக்குப் பதில் மெல்லிய கம்பி இழுத்தேன். மூன்று வாரம் ஆனது. கீபோர்டு இப்போது வேலை செய்கிறது. மூடியைப் பூட்டும் முன் அந்த ஜம்பர்களை மட்டும் மாற்றி வைத்தேன். இப்போது முகப்பில் 33 எரிகிறது.