மினியா, பீட்டிலா? பிள்ளையோடு சேர்ந்து பழைய காரைப் புதுப்பிக்க எது தோது

சிங்கப்பூரில் உயர்நிலை 1-இல் படிக்கும் 13 வயதுப் பிள்ளையோடு ஒரு பழைய காரைப் பிரிக்கத் தொடங்கினால், பிள்ளை 18 வயதில் ஓட்டுநர் உரிமத்துக்குப் படிக்கும்போது கார் ஓடும் நிலைக்கு வந்திருக்கும். ஐந்து ஆண்டு என்பது நிறைய நேரம்போலத் தோன்றும். இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு, ஆண்டிறுதித் தேர்வு எல்லாம் போக மிஞ்சுவது சனிக்கிழமைப் பிற்பகல்கள்தான். பையன் என்றால் அடுத்தாற்போல் தேசிய சேவை. அதனால் எது அழகு, எது வேகம் என்பதெல்லாம் பிறகு. எந்தக் காரின் வேலையை மூன்று மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யலாம், இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாங்கள் எடைபோட்டவை பழைய மினியும் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும். எடுத்தது பீட்டில். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். குறைந்தது 35 ஆண்டு பழைய கார் என்றால் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதியலாம். ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். பெரும்பாலான பீட்டில்கள் அதைவிடப் பழையவை என்பதால் வயது அவ்வளவாகப் பிரச்சினை இல்லை. மினி 1959 முதல் 2000 வரை வந்ததால் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். உதிரிபாகக் கவலை இரண்டுக்கும் இல்லை. பீட்டில் மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் உருவானது, கடைசி வண்டி 2003-இல் மெக்சிகோவில் இறங்கியது. மினிக்கு பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் தகடுகளையும் முழு உடற்கூட்டையும்கூட அச்சடித்துத் தருகிறது. விற்க நினைத்தால் இரண்டுக்கும் ஆள் வருவார்கள்.

மோரிஸ் மைனரையும் சிலர் சொல்வார்கள். இன்ஜின் அறை விசாலமானது, கியர்பாக்ஸ் தனியே இருக்கிறது, பிள்ளைக்குக் கை போட இடம் உண்டு. எங்கள் கைப்பழக்கம் அதில் குறைவு. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: முன் சக்கரம் திரும்ப உதவும் டிரனியன் மூட்டுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்காவிட்டால் அது தேய்ந்து கழன்று, சக்கரம் அப்படியே உள்ளே மடங்கிவிடும். புதிதாக உரிமம் எடுத்த பிள்ளையின் கையில் போகப்போகும் வண்டியில் அந்த இடத்தை யாரும் மறக்கக் கூடாது.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வேலை செய்யச் சொந்த இடம் கிடையாது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இன்ஜினைப் பிரிப்பது நடக்காத காரியம். சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ ஊபியிலோ தெரிந்த பட்டறையில் ஒரு மூலையைப் பேசி எடுக்க வேண்டும். கார் அங்கே நிற்கும், பிள்ளை இங்கே இருப்பார். ஆகவே இன்ஜினைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பீட்டிலில் முடியும். மினியில் முடியாது.

மினியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டு. இன்ஜினுக்கு அடியிலேயே கியர்பாக்ஸ் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே எண்ணெய். ரேடியேட்டர் நீரை வடித்து, புகைக்குழாயைக் கழற்றி, சக்கரங்களைச் சுழற்றும் இரு பக்க டிரைவ்ஷாஃப்ட், கிளச் சிலிண்டர், கியர் இணைப்பு, ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாவற்றையும் விடுவித்த பிறகு, கிரேன் போட்டு மேலே தூக்க வேண்டும். அல்லது இன்ஜினைத் தாங்கும் அடிச்சட்டமான முன் சப்ஃபிரேமோடு கீழே இறக்கிக் காரின் உடலைத் தூக்க வேண்டும். வெளியே வந்தபின்னும் அது ஒரே கனமான கட்டி. நான்கு சிலிண்டரும் ஒரே பிளாக்கில் இருப்பதால், தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறைக்கு அனுப்பித் துளையைப் பெரிதாக்கி வர வேண்டும். அந்த நாட்களில் பிள்ளை செய்ய எதுவும் இல்லை.

பீட்டிலின் பின்புறத்தில் இருக்கும் இன்ஜினைப் பிடித்திருப்பவை நான்கே இணைப்புகள்: மேலே இரண்டு போல்ட், கீழே இரண்டு நட். நான்குக்கும் 17 மி.மீ. ஸ்பேனர். முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் இருக்கும். பிறகு காற்று வடிகட்டி. ஜெனரேட்டர், காயில், ஆட்டோ சோக், எண்ணெய் அழுத்த வயர்களில் மறைப்பு நாடா ஒட்டி, எது எதற்கு என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அடுத்து ஆக்சிலரேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், பின்பக்கத் தகடு. பெட்ரோல் குழாயைக் கழற்றுமுன் அதைக் கிளிப் போட்டு நசுக்கி அடைத்துவிட வேண்டும். இல்லையேல் முன்னால் இருக்கும் தொட்டி முழுதும் தரையில் கொட்டும்.

பின்பகுதியை ஜாக்கில் தூக்கி, பின் சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாயான டார்ஷன் குழாயின் இரு முனையிலும் ஸ்டாண்டு வையுங்கள். பம்பர் தரையிலிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. உயர்ந்தால்தான் இன்ஜின் அடியில் நுழைந்து வெளியே வரும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. பிள்ளை எந்த நிலையிலும் அடியில் போகவே கூடாது. மேல் போல்ட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அடியிலிருந்து ஸ்பேனர் போட, இன்னொருவர் இன்ஜின் அறையில் விசிறிப் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு மறுமுனையைப் பிடிக்க வேண்டும். பெரியவர் கை அந்தச் சந்துக்குள் திணறும், 13 வயதுக் கை எளிதாகப் போகும். பழைய மாடல்களில் பெற்றோரும் பிள்ளையும் செய்வதற்கென்றே வைத்ததுபோல் அமைந்த வேலை இது.

தவறு நடக்கும் இடம் ஒன்று. இன்ஜினைப் பின்னால் இழுக்கும்போது ஏறக்குறைய 10 செ.மீ. நேர்கோட்டில் வர வேண்டும். கியர்பாக்ஸின் தண்டு கிளச் தட்டிலிருந்து முழுதும் வெளியே வருமுன் ஜாக்கை இறக்கினால், நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரமும் அந்தத் தண்டில் தொங்கும். கிளச் தட்டு நெளிந்துவிடும். திரும்ப மாட்டிய பிறகு கிளச் விடுபடாமல் கியர் கரகரக்கும்; காரணத்தைத் தேடிக் கார்பரேட்டர்வரை பிரித்துப் பார்ப்பார்கள்.

வெளியே வந்த இன்ஜின் துண்டு துண்டாகப் பிரியும் என்பதுதான் இதில் பெரிய வரம். நான்கு சிலிண்டரும் தனித்தனிக் குழல்கள். ஒவ்வொன்றையும் பிள்ளை ஒரு கையில் தூக்கலாம். தேய்ந்திருந்தால் பிஸ்டனோடு சேர்த்துப் புதுக் குழல் வாங்கிப் போடலாம், துளை பெரிதாக்கும் வேலை இல்லை. பட்டறையில் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு சிலிண்டரையும் ஒரு ஹெட்டையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். மேசையில் செய்தித்தாளை விரித்து அங்கேயே அளந்து முடிக்கலாம். பெட்ரோல் பட்ட பாகத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். தாழ்வாரத்திலும் எதையும் அடுக்க வேண்டாம். அது தீயணைப்புப் படை வரும் வழி.

மேசையில் செய்ய ஏற்ற வேலைகள் இவை. பிஸ்டன் வளையத்தைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகளால்) அளப்பது, 0.30 முதல் 0.45 மி.மீ. வரை இருக்க வேண்டும். வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்து உட்காரவைப்பது. 1600 சிசி இன்ஜினில் வால்வைத் தள்ளும் கம்பிகள் ஓடும் புஷ்ராடு குழாய்களை இரு கையால் மெல்ல இழுத்து 190–191 மி.மீ. நீளத்துக்குக் கொண்டுவருவது. பழைய குழாயை இழுக்காமல் அப்படியே போட்டால் முனை ரப்பர் இறுகாது. முதல் நாளிலிருந்தே எண்ணெய் சொட்டும். குழாயின் தையல் மேல்பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு ஃபிளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். இவற்றைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போனால், கோக்கும் நாளில் அந்த நோட்டுதான் வழிகாட்டி.

கோக்கும்போது கவனிக்க வேண்டியது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு. 10 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத மரையாணி) உள்ள ஹெட் நட்டுகளுக்கு 32 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட் என்றால் 25. முதலில் எல்லாவற்றையும் 10-க்கு வரிசைப்படி இறுக்கி, பிறகு இரண்டாம் சுற்றில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் எண்ணெய்ச் சல்லடைத் தட்டின் நட்டுகளுக்கு வெறும் 7. இங்கேதான் பெரியவர்களே அதிகமாகக் கெடுக்கிறார்கள். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் மக்னீசியக் கலவை, கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலும் ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். ஸ்பார்க் பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி விரலால் சுழற்றி ஏற்றப் பழக்குங்கள். மரை தவறினால் குழாய் வழுக்கும், பிளக் நின்றுவிடும். அலுமினிய ஹெட் தப்பும். ஃபிளைவீலின் நடு நட் மட்டும் ஏறக்குறைய 295 நியூட்டன் மீட்டர். அதைப் பட்டறை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் பிள்ளைக்கென்று வேலை இருந்துகொண்டே இருக்கும். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு வால்வு இடைவெளியை 0.15 மி.மீ. ஆக்க வேண்டும். முதல் சிலிண்டரைச் சரிசெய்து, புல்லியை இடப்பக்கமாக அரைச்சுற்று திருப்பினால் இரண்டாவது, இன்னொரு அரைச்சுற்றில் மூன்றாவது, பிறகு நான்காவது. எண்ணெய் இரண்டரை லிட்டர்தான். காகித வடிகட்டி இல்லை, சல்லடையைக் கழுவிப் போட வேண்டும். ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓடும் வண்டி என்பதால் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது. நம்மூர் ஈரக்காற்றில் நின்றே இருக்கும் இன்ஜினின் எண்ணெயில் நீர் சேரும்.

பீட்டிலில் அஞ்ச வேண்டியது தீ. பெட்ரோல் குழாய் ரப்பர் வெப்பத்தில் வெடித்து, சூடான இன்ஜின்மேல் சொட்டினால் பின்பகுதி முழுதும் எரியும். வண்டி கைக்கு வந்த முதல் வாரமே எல்லாக் குழாயையும் மாற்றி, ஒவ்வொரு முனையிலும் கிளிப் போடுங்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். தீயணைப்பான் ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மினிக்குச் சாதகமானதையும் சொல்லியாக வேண்டும். அதன் எஸ்யூ கார்பரேட்டரைப்போல் கற்பிக்க ஏற்ற கருவி பீட்டிலில் இல்லை. ஒரு ஊசி, ஒரு ஜெட், எண்ணெய் ஊற்றிய ஒரு டேம்பர், அவ்வளவுதான். மூடியைத் தூக்கினால் காற்றும் பெட்ரோலும் கலப்பதைப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டலாம். சாலையில் அதன் திருப்பமும் தனிச் சுகம். ஆனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால், பருவமழைக் காலத்து அடைமழையில் நீர் தெறித்து வண்டி நின்றுவிடும். பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று போட்டாக வேண்டும். பின் பிரேக்கைச் சரிசெய்யும் சதுரத் தலை ஆணி துருவேறி இறுகியிருக்கும்; சாதாரண ஸ்பேனர் போட்டால் தலை உருண்டுவிடும். நட்டு போல்ட்டெல்லாம் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 என்று தனி ஸ்பேனர் செட் வாங்க வேண்டும். பீட்டிலுக்குச் சாதாரண ஹார்ட்வேர் கடையின் 10, 13, 17, 19 மி.மீ. பெரும்பாலும் போதும்.

துரு இரண்டுக்கும் எதிரி. மினியில் வாசல் அடிக்கட்டை, முன் மட்கார்டை ஒட்டிய தகடு, பின் சப்ஃபிரேம். பீட்டிலில் கதவுகளுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் கால்வாய், பேட்டரி உட்காரும் தரைத்தகடு. வெல்டிங்கைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். கதவு நிலைகளுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்த பிறகுதான் ஹீட்டர் கால்வாயை வெட்ட வேண்டும். வெறுமனே வெட்டினால் உடல் தொய்ந்து கதவு மூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், முகக்கவசத்தோடு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெயிண்டைத் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். பிரேக்கையும் ஸ்டீரிங்கையும் பிள்ளை கோக்கலாம், ஆனால் மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வண்டி நகரக் கூடாது.

வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தமும் டார்ச்சும் போதும். பின்னிருக்கையைத் தூக்கி, பேட்டரிக்கு அடியில் வெளிச்சம் அடித்துத் தரை தெரிகிறதா என்று பிள்ளை பார்க்கட்டும். மட்கார்டு, கதவின் அடிப்பகுதி, ஹீட்டர் கால்வாய் ஆகியவற்றில் காந்தத்தை நகர்த்தி, ஒட்டாத இடத்திலெல்லாம் மறைப்பு நாடா ஒட்டட்டும். உள்ளே இருப்பது தகடல்ல, புட்டிப் பூச்சு. நீங்கள் இன்ஜினை நிறுத்திவிட்டு, கிராங்க் புல்லியை இரு கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இயல்பான ஆட்டம் 0.07 முதல் 0.13 மி.மீ. வரைதான், கைக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். டொக்கென்று சத்தம் கேட்டால் கிராங்க் கேஸே தேய்ந்திருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.